கம்பெனி அம்மா

விடிவதற்கு முன்பே குழாயில் தண்ணீர் வரும். குணசேகர் எழுந்து இரண்டு குடமும் ஒரு டிரம்மும் பிடித்துவைப்பான். பால் காய்ச்சுவான். அரிசி களைந்து குக்கரில் போடுவான். விசில் வருவதற்குள் சவரம் முடிந்துவிடும். பிறகு மகள் யசோதராவை எழுப்புவான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். மறுபடி எழுப்புவான். பல் தேய்த்து, குளிப்பாட்டி, கவுன் மாட்டி, பாலில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்துவிட்டுத் தலை வாருவான். அதுதான் அவனுக்கு இன்னும் கைவரவில்லை. வகிடு கோணலாகத்தான் விழும். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆஷாவின் படம் மாட்டியிருந்தது. அதை அவன் பார்ப்பதில்லை. பார்க்கக்கூடாது என்று வைராக்கியம் ஒன்றுமில்லை. பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அவன் மனைவி ஆஷா போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. காய்ச்சல் என்று படுத்தவள் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். கோலார் தங்கவயலிலிருந்து சொந்தக்காரர்கள் ரயிலேறி வந்து அழுதுவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்பிப் போனார்கள். அவன் அழவில்லை. அழுதுவிடப்பா என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். எல்லோருக்கும் தலையாட்டினான். இரண்டு வயதுகூட நிரம்பாத யசோதராவைத் தங்கவயலில் உரிகத்திலிருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றாள் ஆஷாவின் அம்மா. அங்கே மாமனார் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஒருத்தியால் இரண்டு பேரைத் தூக்கி இறக்க முடியாது என்று குணசேகர் மறுத்துவிட்டான். சொன்னது நியாயம்தான். அதற்காகத்தான் சொன்னானா என்றால் அவனுக்கே தெரியாது.

அவன் அப்பா தாஸ் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். மகன் பி.காம். படித்தான். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியபோதே பெங்களூருக்கு வந்துவிட்டான். பொம்மனஹள்ளியில், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனி ஒன்றில், பர்சனல் டிபார்ட்மென்டில் வேலை. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு பி.எஃப்., யாருக்கு மெமோ என்று பார்க்கும் உத்தியோகம்.

பிள்ளையை எங்கே விடுவது என்று அவன் அலைந்தது கொஞ்சநஞ்சமல்ல. முதலில் கோரமங்களாவில் ஒரு ப்ளே ஹோமுக்குப் போனான். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களின் பிள்ளைகள் வரும் இடம். நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர். ஒரு பையன் மணலை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தான். அதற்குக்கூட ஒரு டீச்சர் பக்கத்தில் குந்தியிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாளி நிரம்பிவிட்டதா, இனி எங்கே கொட்டப்போகிறாய், மண் ஈரமா காய்ந்ததா என்று ஆங்கிலத்தில் கேள்வி மேல் கேள்வி. பையனும் சளைக்காமல் பதில் சொன்னான். குணசேகர் நின்று கேட்டான். கட்டணத்தைச் சொன்னார்கள். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டான்.

அடுத்தது, அவன் தெருக்கோடியிலேயே ஒரு வீடு. குமாஸ்தாக்களும் நர்ஸுகளும் பிள்ளைகளை விட்டுப் போவார்கள். சுத்தமான வீடு. பிள்ளைகள் டி.வி. முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சத்தம் இருக்காது. வீட்டுக்கார அம்மாள் அதைத்தான் பெருமையாகச் சொன்னாள். யசோதரா அங்கே போகத் தொடங்கிய சில வாரங்களில் வீட்டிலும் சத்தம் நின்றுபோயிற்று. அம்மாவை நினைத்து ஏங்குகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். ஒருநாள் சீக்கிரமே கூப்பிடப் போனான். கதவைத் திறந்து அவன் உள்ளே வந்தபோது அத்தனை தலையில் ஒன்றுகூடத் திரும்பவில்லை, அவன் மகள் தலை உட்பட. மறுநாளிலிருந்து அனுப்பவில்லை.

மிச்சமிருந்தது கம்பெனி. பெண்கள் இத்தனை பேருக்கு மேல் வேலை செய்தால் அவர்கள் பிள்ளைகளுக்கு ஓர் அறை ஒதுக்கவேண்டும் என்பது சட்டம். கம்பெனியிலும் இருந்தது. பலகையில் என்னவோ பெரிய பெயர் எழுதியிருந்தாலும் எல்லோருக்கும் அது பேபி ரூம். ஆனால் சட்டம் சொல்வது அம்மாக்களின் பிள்ளைகளை. அப்பாக்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை. இதை எடுத்துச் சொல்லித்தான் குணசேகர் ஃபாக்டரி மேனேஜர் வைத்தீஸ்வரனிடம் அனுமதி கேட்டான். வைத்தீஸ்வரன் சிரித்தார். ரூல் புத்தகத்தை எனக்கே படித்துக் காட்டுகிறீர்களா, நம் ஸ்டாஃப் பிள்ளை, நாளைக்கே கொண்டுவந்து விடுங்கள் என்றார்.

பேபி ரூம் ஜெனரேட்டருக்கு அடுத்த அறை. கரண்டு போனால் சுவர் அதிரும். பாய்களில் இருபதுக்கும் மேல் பிள்ளைகள், கைக்குழந்தை முதல் பள்ளிக்கூடம் போகும் வயது வரை. ஒரு மரத்தொட்டில். ஓர் இரும்பு அலமாரி. அலமாரிக்குள் பொம்மைகளும் கட்டைகளும் படப்புத்தகங்களும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தன. சட்டை வாங்கும் வெளிநாட்டு பையர்கள் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும் நாளில் மட்டும் அலமாரி திறக்கும். சாவி பர்சனல் டிபார்ட்மென்டில், குணசேகரின் மேசையில் இருந்தது. இவ்வளவுக்கும் ஆயா ஒருத்திதான். கிருஷ்ணம்மாள். அவளும் தங்கவயல்தான், மாரிக்குப்பத்துக்காரி. சுரங்கம் மூடியபின் பிழைப்புத் தேடி வந்தவள். குணசேகர் யார் பிள்ளை என்று தெரிந்ததும் அவள் முகம் மாறியது.

"தாஸண்ணன் மகனா நீ? எங்க லைன்ல மூணாவது வூடுடா தம்பி உங்க வூடு."

அன்றைக்கே யசோதரா அவள் மடிக்குப் போய்விட்டாள். தொட்டிலில் படுப்பது அவள்தான். முதல் டம்ளர் பால் அவளுக்குத்தான். பால் பெரிதில்லை. கிருஷ்ணம்மாள் அவளோடு ஓயாமல் பேசினாள். சுரங்கத்துச் சங்கு எப்படி ஊதும், கூண்டில் ஏறி ஆட்கள் எப்படிப் பூமிக்குள் இறங்குவார்கள், மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏன் அதற்கு மேல் போகாமல் நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டே சோறு ஊட்டுவாள். சில வாரங்களில் யசோதராவின் வாய் திறந்துகொண்டது. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், கூண்டு ஏன் கீழே போச்சு, கீழே யார் இருக்காங்க என்று அப்பனைத் துளைத்தெடுத்தாள். குணசேகருக்கு மகிழ்ச்சி என்று சொல்லமுடியாது. ஒரு வேலை முடிந்தது என்று இருந்தது.

அதே அறையில், ஜன்னலோரப் பாயில், தருண் இருந்தான். யசோதரா பிறந்த அதே மாதம் பிறந்தவன். பேசமாட்டான். அழுவதும் அபூர்வம். முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடியபடி கிருஷ்ணம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் அம்மா வேதநாயகி கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண், காலர் தைக்கும் ஆபரேட்டர். புருஷன் எலக்ட்ரானிக் சிட்டியில் கட்டடம் எழும்பும் இடத்திலேயே தங்கி வேலை பார்த்தான். காலையிலும் பிற்பகலிலும் அம்மாக்கள் லைனை விட்டு வந்து பிள்ளையைப் பார்த்துப் போக ஒரு சின்ன இடைவேளை உண்டு. பால் டைம் என்பார்கள். வேதநாயகி அப்படி வரும்போதெல்லாம் பையனை மடியில் வைத்துக்கொண்டு, கிருஷ்ணம்மாள் யசோதராவிடம் சொல்லும் கதையைத் தானும் கேட்பாள்.

ஒருநாள் பர்சனல் டிபார்ட்மென்ட் ஜன்னலில் வந்து நின்றாள். லீவு கேட்க வந்திருக்கிறாள் என்று குணசேகர் நினைத்தான். பையனைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியதாகச் சொன்னாள். காது நன்றாகக் கேட்கிறதாம். யாராவது நாள் முழுக்க அவனோடு பேசிக்கொண்டிருந்தால் பேச்சு வரும் என்று டாக்டர் சொன்னாராம். அவள் ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பும்போது பையன் தூங்கி வழிகிறான். எப்போது பேசுவது?

"ஆயா உங்க பாப்பாகிட்ட நாளெல்லாம் பேசுது சார். எம் பையன்கிட்ட உக்காரு, படு, ரெண்டுதான். பாப்பாகிட்ட பேசறதுல பாதி இவன் பக்கம் வந்தாப் போதும். நீங்க சொன்னா ஆயா கேக்கும்."

சொல்கிறேன் என்றான். சொல்லவும் செய்தான். கிருஷ்ணம்மாள் கையிலிருந்த பால் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"வாய் ஒண்ணுதானே தம்பி எனக்கு? இருவது பேர் கால் கழுவி, மூக்குத் தொடச்சு, எங்க இருந்து பேசறது? உன் பொண்ணு ஒண்ணு கேட்டா பத்து சொல்லுது, பேசணும்னு தோணுது. அவன் செவுரு மாதிரி பாக்கறான். செவுத்துகிட்ட யார் பேசுவா?"

ஆனாலும் இரண்டு மூன்று நாள் முயன்றாள். டேய் தருணு, இன்னாடா ராசா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் அவள் வாயைப் பார்த்தான். அதற்குள் வேறொரு குழந்தை பாயை நனைத்துவிடும். பிறகு விட்டுவிட்டாள்.

அந்த நிலையில்தான் ஆடிட் வந்தது. ஒரு பெரிய அமெரிக்க ஆர்டருக்கு முன்னால் ஆள் வந்து பார்ப்பார்கள். தீயணைப்பு, கழிப்பறை, குடிநீர், பேபி ரூம் எல்லாம். வைத்தீஸ்வரன் ஸ்டாஃபைக் கூட்டிவைத்துப் பேசினார். பேபி ரூமில் சொறியும் சளியுமாக இருபது பிள்ளைகள் இருந்தால் ஆர்டர் போன மாதிரிதான். அன்றைக்கு ஆபரேட்டர்கள் பிள்ளைகளைக் கொண்டுவர வேண்டாம். பார்க்க லட்சணமாக, சொன்னபடி உட்காருகிற பிள்ளைகள் ஆறேழு பேர் மட்டும் இருக்கட்டும். போதாததற்கு ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு.

"மூக்கு ஒழுகாத பிள்ளையா பார்த்துக் கொண்டுவாங்கப்பா" என்றார்.

தன் மகனுக்குப் பிறந்த நாளிலிருந்தே ஒழுகுகிறதே என்றார் கட்டிங் மாஸ்டர். அப்படியானால் அவன் ஒருத்தன் ஒழுகட்டும், இயற்கையாக இருக்கும் என்றார் வைத்தீஸ்வரன். எல்லோரும் சிரித்தார்கள். குணசேகரும் சிரித்தான்.

ஸ்டாஃப் பிள்ளைகளுக்கு அம்மா வேண்டும். பேபி ரூமில் இருப்பது ஆபரேட்டரின் பிள்ளையாக இருக்கவேண்டுமே. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆபரேட்டரை அம்மாவாகப் போடும் வேலை குணசேகரிடம் வந்தது. யசோதராவுக்கு வேதநாயகியைப் போட்டான். வயது பொருந்தியது. வேறு காரணம் எதையும் அவன் யோசிக்கவில்லை.

கூப்பிட்டுச் சொன்னபோது வேதநாயகி, செய்கிறேன், ஆனால் எனக்கு ஒன்று செய்யுங்கள் என்றாள். ஆடிட் முடிந்ததும் பொம்மைகளை அலமாரியில் வைத்துப் பூட்டக்கூடாது. தருணை யசோதராவோடு ஒரே பாயில் உட்காரவைக்கவேண்டும். ஆயா பேசாவிட்டாலும் பாப்பா பேசுமில்லையா, அது போதும் அவனுக்கு என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான் குணசேகர். மனதோடுதான் சொன்னான். சாவி அவன் மேசையில்தானே இருக்கிறது.

ஆடிட் அன்று காலையில் தலை வாரும்போது மகளுக்குச் சொல்லிக்கொடுத்தான். இன்றைக்கு ஒரு மேடம் வந்து, உன் அம்மா யார் என்று கேட்பார். வேதநாயகி அக்காவைக் காட்டி, அம்மா என்று சொல்லவேண்டும்.

யசோதரா கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் காட்டினாள். "அம்மா அங்க."

"அது வேற. இது கம்பெனில அம்மா."

"கம்பெனி அம்மா" என்றாள் அவள். அந்தச் சொல் அவளுக்குப் பிடித்துவிட்டது. பஸ் ஸ்டாப் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். கம்பெனி என்று சொல்லக்கூடாது, அம்மா என்று மட்டும்தான் சொல்லவேண்டும் என்று அவன் திருப்பித் திருப்பிச் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் இன்னும் உரக்கச் சொன்னாள்.

அந்தக் காலை வேதநாயகி தருணைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அங்கே ஒரு அம்மாள் ஊதுபத்தி உருட்டிப் பிழைத்தாள். ஒருநாள்தானே என்று வைத்துக்கொண்டாளாம்.

ஆடிட்டுக்கு வந்தவள் சென்னைக்காரி, வித்யாலட்சுமி என்று பெயர். நல்ல மாதிரிதான் பேசினாள். பேபி ரூமில் புதுப் பாய், சுவரில் படங்கள், அலமாரியிலிருந்து இறங்கிய பொம்மைகள், கிருஷ்ணம்மாளுக்கு வெள்ளைச் சேலை. பால் டைம் மணி அடித்தது. அம்மாக்கள் வந்தார்கள். வித்யாலட்சுமி யசோதராவின் எதிரே குந்தி, அந்தக் கேள்வியையே கேட்டாள்.

"உங்கம்மா எங்க, குட்டி?"

கதவோரம் நின்ற குணசேகர் மகளின் உதட்டைப் பார்த்தான். கம்பெனி என்று வந்தால் தொலைந்தது. பக்கத்தில் வைத்தீஸ்வரன் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். யசோதரா அறை முழுவதும் ஒரு பார்வை பார்த்தாள். வேதநாயகியைக் கண்டதும் எழுந்து ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா" என்றாள்.

யாரும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளச் சொல்லிக்கொடுக்கவில்லை. வேதநாயகி குனிந்து தூக்கிக்கொண்டாள். மேடம் சிரித்தபடி, பேச்சு நன்றாக வந்துவிட்டதா என்று கேட்டாள். நல்லா பேசுவா மேடம், வாய் மூடாது என்று வேதநாயகி சொன்னாள். சொல்லும்போது குணசேகர் பக்கம் திரும்பவில்லை. வித்யாலட்சுமி ஒவ்வொரு அம்மாவையும் பிள்ளையோடு நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டாள்.

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். ஓர் ஆயாவுக்கு இத்தனை சின்னப் பிள்ளைகளே அதிகபட்சம். இதற்கு மேல் ஒரு பிள்ளை இருந்தாலும் இன்னோர் ஆயா வேண்டும். மூன்று மாதத்துக்குள் மறுபடி வருவேன், சொல்லாமல் வருவேன், இதே பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பேன் என்றாள். அவள் நல்லதாக நினைத்துத்தான் சொன்னாள்.

வைத்தீஸ்வரன் அன்று மாலையே முடிவு செய்துவிட்டார். ஆயாவைக் கூட்டுவதற்குப் பதில் பிள்ளையைக் குறைத்தால் கணக்கு சரியாகிவிடும். படத்தில் இருக்கும் பிள்ளைகள் மட்டும் உள்ளே. பொம்மைகள் வெளியிலேயே இருக்கட்டும், சொல்லாமல் வருகிறவள் ஆயிற்றே. ஸ்டாஃப் பிள்ளைகளும் தினமும் வரட்டும். அம்மாக்களும் பால் டைமுக்குத் தவறாமல் வரவேண்டும்.

மறுநாள் காலை கேட்டில் கூட்டம். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபரேட்டர்கள் நின்றார்கள். செக்யூரிட்டி கையில் படங்களின் பிரிண்ட். ஒவ்வொரு முகமாகப் பார்த்து உள்ளே விட்டான். மற்றவர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், திட்டினார்கள், பிறகு வேலைக்கு நேரமாகிறதென்று யாரையாவது தேடி ஓடினார்கள். வேதநாயகி தருணோடு ஓரமாக நின்றாள். குணசேகர் யசோதராவைத் தூக்கிக்கொண்டு அவள் எதிரேதான் உள்ளே போனான்.

"அம்மா" என்று யசோதரா அவள் பக்கம் கையை நீட்டினாள்.

குணசேகர் நேரே மேனேஜர் அறைக்குப் போனான். வேதநாயகிக்கு வாக்குக் கொடுத்ததைச் சொன்னான். வைத்தீஸ்வரன் பொறுமையாகக் கேட்டார்.

"அவ பிள்ளைதான் உள்ளே இருக்கே குணசேகர்" என்றார். "படத்துல அவ கையில இருக்கறது யாரு? ஒரு அம்மாவுக்கு ஒரே வயசுல ரெண்டு பிள்ளைன்னு காட்டினா அந்த ஆடிட் பொண்ணு என்னைக் கேள்வி கேக்கமாட்டாளா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாத்தணும்னா மாத்திடலாம். உங்க பாப்பாவை எடுத்துட்டு அந்தப் பையனைப் போடலாம். மேடம் கேட்டா ஏதாவது சொல்லிக்கறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னிக்கே பண்ணிடறேன்."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். குணசேகர் டி.வி. முன்னால் திரும்பாமல் இருந்த தலையை நினைத்தான். ராத்திரிச் சாப்பாட்டில், கீழே யார் இருக்காங்க என்று கேட்கும் குரலை நினைத்தான். மேசைமேல் கண்ணாடி உருண்டை ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, பார்க்கலாம் சார் என்றான்.

கேட்டுக்குத் திரும்பி வந்தபோது வேதநாயகி பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவரப் போயிருந்தாள். தாமதமாக வந்ததற்கு அவளுக்கு அரை நாள் பிடித்தம் போட்டது அவன் டிபார்ட்மென்ட்தான். சாயங்காலம் அவளைப் பார்த்து, மேனேஜர் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார் என்றான். மேனேஜர் கேட்ட கேள்வியைச் சொல்லவில்லை.

பிறகு நாட்கள் ஓடின. பேபி ரூம் பார்க்க நன்றாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், பொம்மைகள், பேச நேரம் கிடைத்த ஆயா. கிருஷ்ணம்மாளே ஒருநாள், இப்பத்தான் தம்பி பிள்ளை வளக்கற மாதிரி இருக்கு என்றாள். மணி அடித்தால் வேதநாயகி வருவாள். அவள் பையன் அங்கே இல்லை. ஆனாலும் வரவேண்டும் என்பது உத்தரவு. யசோதரா ஓடிவந்து மடியில் ஏறிக்கொள்வாள். கம்பெனி என்ற சொல் எப்போதோ உதிர்ந்துவிட்டது. அம்மா இதப் பாரு, அம்மா இது ஏன் ஒடைஞ்சுது, அம்மா கூண்டு தெரியுமா உனக்கு? வேதநாயகி முதலில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். பிறகு பதில் சொல்லத் தொடங்கினாள். சீப்பு எடுத்து வந்து தலை வாரிவிட்டாள். வகிடு நேராக இருந்தது. மாலையில் மகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது குணசேகர் அந்த நேரான வகிட்டைப் பார்ப்பான். மேனேஜரிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றும். நாளைக்கு என்று தோன்றும். ஆடிட்காரி ஒருமுறை வந்துவிட்டுப் போய்விடட்டும், பிறகு யாரும் படத்தைப் பார்க்கமாட்டார்கள் என்று தோன்றும்.

வித்யாலட்சுமி வரவில்லை. ஒரு வாரம் வேதநாயகியும் வரவில்லை.

சொல்லாமல் நின்றுவிட்ட ஆபரேட்டரின் வீட்டுக்கு ஆள் போய் விசாரிப்பது டிபார்ட்மென்ட் வழக்கம். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். குணசேகரே போனான். ஷீட் கூரை போட்ட வரிசை வீடுகள். வேதநாயகியின் கதவு பூட்டியிருந்தது. பக்கத்துக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஊதுபத்திக் கரியும் மரத்தூளும் கலந்த வாசனை. ஒரு அம்மாள் பலகையை மடிமேல் சாய்த்து வைத்துக்கொண்டு தலை நிமிராமல் உருட்டிக்கொண்டிருந்தாள். கட்டில் காலில் ஒரு பழைய துப்பட்டா. அதன் மறுமுனை தருணின் இடுப்பில்.

யார் என்று அவள் கேட்டாள். கம்பெனியிலிருந்து என்றான். வேதநாயகி கடைக்குப் போயிருக்கிறாள் என்றாள். அவன் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு, ரோட்டில் லாரி போகிறதே, அவிழ்த்துவிட்டால் நான் உருட்டுவதா அவன் பின்னால் ஓடுவதா என்றாள். குற்றம் சொன்னவனுக்குப் பதில் சொல்வது போல இல்லை. நிலவரத்தைச் சொன்னாள். அவனை இங்கே கொண்டுவந்து விட்ட முதல் நாள் ஓடப் பார்த்தானாம். இப்போது ஓடுவதில்லையாம். கட்டாவிட்டாலும் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பான், பழக்கத்துக்குக் கட்டிவைத்திருக்கிறேன் என்றாள்.

குணசேகர் வாசல்படியில் குந்தினான். "தருண்" என்று கூப்பிட்டான். அவன் நிமிர்ந்தான். குணசேகரின் வாயைப் பார்த்தான். மேலே என்ன பேசுவது என்று குணசேகருக்குத் தெரியவில்லை. ஒரு பிள்ளையிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று அவனுக்குத் தெரிந்திருக்கவே இல்லை. அவன் வீட்டில் அதை ஆஷா செய்தாள், பிறகு கிருஷ்ணம்மாள், பிறகு இந்தப் பையனின் அம்மா. தருண் வெகுநேரம் அவன் வாயைப் பார்த்துவிட்டு, மெல்ல முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினான்.

வேதநாயகி வந்தாள். கையில் ஊதுபத்திக் குச்சிக் கட்டு. அவனைக் கண்டு திடுக்கிடவில்லை. முதலில் துப்பட்டாவை அவிழ்த்துப் பையனை இடுப்பில் எடுத்துக்கொண்டாள். இனி வேலைக்கு வருவதில்லை என்று சொன்னாள். அந்த அம்மாளோடு சேர்ந்து குச்சி உருட்டப் போகிறாளாம். கூலி பாதிகூட வராது. கை உருட்டினாலும் வாய் சும்மாதானே இருக்கும், பையனோடு பேசலாமே என்றாள்.

குணசேகர் அப்போதுதான் சொன்னான். மேனேஜர் அன்றைக்கே கேட்டார், நான்தான் பதில் சொல்லவில்லை என்றான். யசோதராவை வெளியே எடுத்துவிடுகிறேன், திங்கட்கிழமை தருணைக் கொண்டுவா, பொம்மை வெளியேதான் இருக்கிறது, ஆயாவுக்கும் நேரம் இருக்கிறது என்றான். ஆஷா போனபிறகு ஒரே மூச்சில் அவன் இவ்வளவு பேசியதில்லை. வேதநாயகி கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு பதில் சொன்னாள். அவன் எழுந்து வந்துவிட்டான்.

திங்கட்கிழமை யசோதராவைத்தான் தூக்கிக்கொண்டு போனான். மணி அடித்தது. அம்மாக்கள் வந்தார்கள். யசோதரா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், அம்மா எங்கே என்று கேட்டாள். கிருஷ்ணம்மாளால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை, பால் சூடு பண்ணப் போய்விட்டாள்.

வேலையை விட்டதற்குக் காரணம் சொந்தக் காரணம் என்று டிபார்ட்மென்டில் பதிந்தார்கள். வைத்தீஸ்வரன், சம்பளம் பத்தலேன்னாளா என்று கேட்டார். குணசேகர் இல்லை என்றான். காலர் லைனில் வேறு கதை ஓடியது. வீடு தேடிப் போன சாரை வேதநாயகி வாசலில் நிற்கவைத்து மண்ணை வாரித் தூற்றினாளாம். என் பிள்ளை வாய் அடைத்த மாதிரி உன் பிள்ளை வாயும் அடைத்துப் போகும் என்றாளாம். கிருஷ்ணம்மாள் காதுக்கும் அது வந்தது. அவள் உப்பும் மிளகாயும் கொண்டுவந்து யசோதராவைச் சுற்றிப்போட்டாள். தாய் இல்லாத பிள்ளையை எப்படித்தான் வாய் கூசாமல் சொன்னாளோ என்று அழுதாள். அப்படிச் சொல்லவில்லை என்றான் குணசேகர். பின்னே என்னதான் சொன்னாள் என்று அவள் கேட்டாள். அவன் வாயைத் திறந்தான். மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

அன்று வாசலில் வேதநாயகி சாபம் விடவில்லை. கோபப்படக்கூட இல்லை. பையன் அவள் தோளில் கன்னத்தை வைத்திருந்தான். அவன் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"வேணாம் சார். பாப்பா அம்மா அம்மான்னு கூப்பிடறப்பல்லாம் நான் திரும்பிப் பாத்துட்டேன். எம் பையன் இன்னும் ஒருதரம்கூடக் கூப்பிடல."